துரைசாணி ஆஸ்பத்திரியில் புல் நட்ட நாட்கள்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரருக்கு வந்தது. குவாரி முதலாளி வருஷா வருஷம் போனசுக்குப் பதிலாக டைரி கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷனுக்கு இருபது வருஷமாக டைரி. கார்த்திகையில் அவர் போய்ச் சேர்ந்தார். தை பிறந்ததும் முதலாளியின் டிரைவர் வந்து, "அண்ணன்கிட்ட குடுத்துருங்க" என்று வாசலில் நீட்டிவிட்டுப் போனான். கல் தூசியைத் தின்று இருமி இருமிச் செத்த ஆளுக்கு, முதல் பக்கத்தில் தங்க எழுத்தில் 'வளமான புத்தாண்டு வாழ்த்துகள்'. நான் அஞ்சாவது வரை படித்தவள். வீட்டில் பேச ஆளில்லை. தாள் வீணாய்ப் போவானேன் என்று எழுதுகிறேன்.

இன்று முதல் துரைசாணி ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. வெள்ளைக்காரக் கலெக்டர் பெண்டாட்டி கட்டிய பிரசவ ஆஸ்பத்திரி அது. பைபாஸில் புது ஆஸ்பத்திரி வந்த பிறகு பதினாறு வருஷம் வௌவால் குடியிருந்தது. இப்போது வௌவாலைக் காலி செய்துவிட்டு அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள். உள்ளே பானை, துப்பாக்கி, ஓலைச்சுவடி வைக்கிற வேலை நடக்கிறது. வெளியே எங்கள் வேலை. வளாகத்தை அழகுபடுத்த வேண்டும், அதாவது புல் நட வேண்டும்.

வேலை முடிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று வாசலில் பெரிய படம் வைத்திருக்கிறார்கள். பச்சைப் புல். அதில் வெள்ளைக்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அரை டவுசர் போட்ட ஒரு பெண் சைக்கிள் ஓட்டுகிறாள். நம் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. துரைசாணி திரும்பி வரப்போகிறாளோ என்னவோ.

பெண் ஆட்களுக்குப் பஞ்சுதான் மேஸ்திரி. எனக்குப் பக்கத்துத் தெரு. பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி ராக்கு, வீட்டு நெழல்ல உக்காந்து இட்லி வித்தவ, இந்த வெயில்ல மம்பட்டி புடிக்க வந்திருக்கியே, கிறுக்கு புடிச்சிருச்சா?"

"வீட்டுல உக்காந்தா அவுக இருமுற சத்தம் கேக்குதுடி."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நான் சொன்னதும் பொய்யில்லை.

பிப்ரவரி 5, புதன்

சீமைக்கருவேலம் வெட்டு. கையெல்லாம் முள்.

பிப்ரவரி 6, வியாழன்

ஜேசிபி வந்தது. முன்பக்கத்தை ஒரே நாளில் வழித்துவிட்டுப் பின்பக்கம் திரும்பியது. அங்கே பழைய சமையற்கட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு வாதநாராயண மரம் நிற்கிறது. டிரைவர் அதைப் பார்த்து வண்டியை விட, நான் குறுக்கே போய் நின்றேன்.

"அங்கிட்டுப் போகாதப்பா. நாகம் இருக்கு. ஜோடி."

அவன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவு பெரிய இரும்புக் கை. இல்லாத பாம்புக்கு அவ்வளவு பயம்.

மரத்தடியை நானே கையால் சுத்தம் செய்கிறேன் என்று பஞ்சுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். "பாம்பு இருக்குன்னு நீதானடி சொன்ன?" என்றாள். "என்னைய ஒண்ணும் செய்யாது" என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

தோட்டத்துக்குப் படம் வரைகிற மேடம் சென்னையிலிருந்து வந்தார். ஷ்ரவ்யா என்று பேர். நல்ல பெண்தான், எல்லோரையும் ஆன்ட்டி என்கிறது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு குழாய் நிறையப் படம். "இந்த மண்ணுக்கு உரிய மரங்கள் மட்டும்தான் வைக்கணும்" என்று காண்டிராக்டர் மச்சக்காளையிடம் கண்டிப்பாகச் சொன்னது. மச்சக்காளை தலையாட்டிவிட்டு வாசலில் நின்ற எழுபது வயது வேம்பை வெட்டச் சொன்னார். கட்டிடம் போட்டோவில் விழ மறைக்கிறதாம். அந்த இடத்தில் வைக்க வேப்பங்கன்று பத்து, பீங்கான் தொட்டியில், ஆந்திராவிலிருந்து லாரியில் வருகிறது.

கொரியப் புல்லாம், அதுவும் வருகிறது. தினம் இரண்டு வேளை தண்ணீர் குடிக்குமாம். எங்கள் தெருக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர். புல்லாய்ப் பிறந்திருக்கலாம்.

மேடம் படத்தைத் தரையில் விரித்துக் காட்டியது. பின்பக்கம் நீல வட்டம் ஒன்று. "இங்க ஃபவுன்டைன் ஆன்ட்டி. பக்கத்துல செல்ஃபி பாயின்ட்." வாதநாராயண மரத்தடிதான். ஐந்தடி ஆழத்துக்குக் குழி எடுப்பார்களாம்.

எழுதிவிடுகிறேன். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். மூன்று நாள் இருந்தாள். கண்மாய் உடைந்து இடுகாட்டுப் பாதையில் இடுப்பளவு தண்ணீர். ஆயாம்மா, "பின்னாடி மரத்தடியில வச்சிட்டுப் போங்கப்பா, யாரு பாக்கப்போறா" என்றாள். அவர்தான் தோண்டினார். நாய் கிளறிவிடும் என்று, சமையற்கட்டு ஓரம் கிடந்த உடைந்த அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தார். அப்புறம் ஒரு நாள் குவாரி உளியை மடியில் சொருகிக்கொண்டு வந்து அதில் ஒரு வட்டம் கொத்தினார். அது முகம். வட்டத்துக்குள் ஓரமாக ஒரு புள்ளி. கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு. பக்கத்தில் மூன்று கோடு. மூன்று நாள். எழுதத் தெரியாத ஆள் எழுதியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்களுக்கு எதுவும் பிறக்கவில்லை.

ஆஸ்பத்திரியைப் பூட்டிய பிறகும் வருஷம் ஒருமுறை அவர் மதிலேறிக் குதித்துப் பார்த்துவிட்டு வருவார். இப்போது பார்க்க ஆளில்லை. அதற்குத்தான் வந்தேன். கூலிக்கு இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். கிழித்தால் தையல் விட்டு மார்ச்சும் சேர்ந்து வருகிறது. மார்ச் இல்லாமல் எப்படி வருஷம் ஓடும்? விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மரத்தடியில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டுவிட்டார்கள். கல் நட்ட நடுவில்.

மச்சக்காளையிடம் போய் நின்றேன். "அய்யா, அது பள்ளம். மழை பேஞ்சா தண்ணி தேங்கும்ங்க."

"ஃபவுன்டைனே தண்ணி தேங்குறதுக்குத்தான் ஆத்தா. நீ எந்தக் காலேசுல இஞ்சினியருக்குப் படிச்ச?"

மேடத்திடம் போனேன். "அந்த எடம் வேணாம் தாயி" என்றேன். ஏன் என்று கேட்டது. இருபத்தேழு வருஷமாகச் சொல்லாத ஒன்றைத் தொப்பி போட்ட பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, உங்களுக்கு இந்த இடத்தோட எவ்ளோ கனெக்‌ஷன்!" என்றது. மண் அப்பியிருந்த என் கையைப் பல கோணத்தில் போட்டோ எடுத்தது. வட்டம் அப்படியேதான் இருக்கிறது.

சாயங்காலம் காலால் தேய்த்து அழித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

மறுபடி போட்டிருக்கிறார்கள். முன்னைவிடப் பெரிய வட்டம்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்றுதான் குழி எடுக்க வேண்டிய நாள். நான் ஏழு மணிக்கே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். என்ன செய்வேன் என்று தெரியாது. படுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது.

அதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார். இளங்கண்ணன் என்று பேர், ரிட்டயர் ஆனவர். உள்ளே எந்தப் பானை எத்தனை வருஷம் என்று சொல்ல அவரை வைத்திருக்கிறார்கள். டீ குடிக்க நிழல் தேடிப் பின்பக்கம் வந்தார். கல்லில் காலைத் தூக்கி வைத்து டீயை உறிஞ்சினார். குனிந்து பார்த்தார். டீ கீழே போய்விட்டது.

"யாரும் தொடாதீங்க!" என்று ஒரு கத்து. மச்சக்காளை ஓடி வந்தார். பாம்பு என்றே நினைத்தார்.

"வட்டம்! வட்டத்தின் விளிம்பில் புள்ளி! அய்யா, இது கிரகணம். கிரகணத்தைக் கல்லில் பதித்திருக்கிறான் நம் முன்னோன்! இந்த மூன்று கோடு, மூன்று குலம். நடுவில் பாருங்கள், குழிவு. சடங்கு நீர் ஊற்றும் குழி. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்குக் குறையாது."

பஞ்சு பொறுக்க மாட்டாமல், "சாமி, அது மெளகா அரைச்ச குழி. ஒடஞ்ச அம்மி" என்றாள்.

"பாமர மக்கள் எதைக் கண்டாலும் அம்மி என்பார்கள்" என்று மச்சக்காளையிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தாயே, இந்தக் கல் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறது?"

"ரொம்ப காலமாங்க."

"உங்கள் அம்மா காலத்திலேயே?"

"எங்கம்மா இந்தப் பக்கமே வந்ததில்லீங்க."

'தலைமுறைகளாக மக்கள் நெருங்க அஞ்சிய இடம்' என்று எழுதிக்கொண்டார்.

குழி நின்றது. அவர் போன திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். டீ டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

கும்பிட்டது தப்பு.

கல்லை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரே ஆளாகத் தூக்கிய கல்லுக்கு இன்று ஆறு பேர், பஞ்சு மெத்தை, சங்கிலி, வெள்ளைக் கையுறை. பேப்பரில் படம். பக்கத்தில் பேராசிரியர், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார்.

இனி நடக்கப்போவதுதான் பெரிசு. கல் இருந்த இடத்துக்குக் கீழே இன்னும் பொருள் இருக்குமாம். அடுத்த வாரம் சதுரமாகக் கயிறு கட்டி, பிரஷ் வைத்து, அங்குலம் அங்குலமாகத் தோண்டுவார்களாம். நீரூற்றுக்காரனாவது மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுப் போவான், பார்க்க மாட்டான். இவர்கள் சல்லடை போட்டுச் சலிப்பார்கள். எடுப்பதை டப்பியில் போட்டு நம்பர் ஒட்டுவார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள்.

அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள்.

மார்ச் 3, திங்கள்

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று மத்தியானம் பஞ்சு தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்றியா, இல்ல நானே சொல்லவா?" என்றாள்.

"என்னத்த?"

"நாகம்னு சொன்னப்பவே தெரியும்டி. ஒனக்குப் பிரசவம் ஆனப்ப ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டாந்தது யாரு? வெறுங்கையோட நீ வீட்டுக்கு வந்தப்ப கதவத் தொறந்துவிட்டது யாரு?"

அப்புறம் சாப்பாட்டில் கண்ணீர்தான். உப்புப் போடாத குழம்பு, அதற்குத் தோதாக இருந்தது.

"போயி உள்ளத சொல்லு. அம்மின்னு சொல்லு" என்றாள்.

"சொன்னா அது வெறுங்கல்லுன்னு தூக்கிப் போட்டுட்டு நாளைக்கே மச்சக்காளை ஜேசிபிய விட்டுருவாருடி. சொல்லாட்டி வாத்தியாரு தோண்டுவாரு."

பஞ்சு சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "ஏண்டி, வீட்டுல பெட்டி வச்சுத்தான கும்புடுற?"

வைத்துத்தான் கும்பிடுகிறோம். எங்கள் பக்கம், கன்னியாகப் போன பெண் வீட்டுக்குச் சாமி. தையில் புதுத் துணி எடுத்துப் பெட்டியில் வைத்துப் படைப்போம். மற்ற வீட்டில் எல்லா வருஷமும் அதே சின்னப் பாவாடைதான். சாமி வளராது. இவர் மட்டும் வருஷா வருஷம் அளவைக் கூட்டி வாங்குவார். பதினாலாம் வருஷம் தாவணி எடுத்தார். இருபதுக்குச் சேலை. "புள்ள வளருமா வளராதா?" என்று என்னிடமே கேட்பார். இந்தத் தைக்கு நான் எடுக்கவில்லை. எடுக்கிற ஆள்தான் இல்லையே.

கையைக் கழுவிவிட்டு நேரே போனேன். பேராசிரியரும் மச்சக்காளையும் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அய்யா, அது எங்க கன்னி இருக்கற எடம். நாங்க கும்புடுற சாமி."

கயிற்றின் ஒரு முனை கீழே விழுந்தது. மச்சக்காளை பிடித்திருந்த முனை. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "ஆத்தா! முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா? எவ்வளவு நாளா இதைச் சுத்திப் பீடியக் குடிச்சுக்கிட்டு நின்னேன்! எம்வீட்டுலயும் வயசுப்புள்ள இருக்கே!"

பேராசிரியர் என்னை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"கன்னி வழிபாடு! இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் அறுபடாத வழிபாடு! தாயே, எப்போதிருந்து கும்பிடுகிறீர்கள்?"

"பொறந்ததுலருந்துங்க."

நான் சொன்னது அவள் பிறந்ததிலிருந்து. அவர் நான் பிறந்ததிலிருந்து என்று எழுதிக்கொண்டார். ஒரு சொல்லும் நான் பொய் சொல்லவில்லை.

"உயிருள்ள வழிபாட்டு இடம். ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக்கூடாது" என்றார் பேராசிரியர். "தொடுவனா நானு?" என்றார் மச்சக்காளை.

மார்ச் 10, திங்கள்

கல்லைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்கள். மச்சக்காளை மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை என்று ஒரு தட்டு நிறைய எடுத்து வந்தார். கல்லில் மஞ்சள் பூசக் கூடாது, இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக் கல் கெட்டுவிடும் என்றார் பேராசிரியர். மிளகாய்க்குக் கெடாத கல் மஞ்சளுக்குக் கெட்டுவிடுமாம்.

வைக்கும்போது மூன்று கோடு மதில் பக்கமாகத் திரும்பிவிட்டது. "கோடு இங்கிட்டு வரணும்யா" என்றேன். "எப்படித் தெரியும் தாயே?" என்றார் பேராசிரியர். "கனவுல வந்து சொல்லுச்சு" என்றாள் பஞ்சு, எனக்கு முந்திக்கொண்டு. அதையும் எழுதிக்கொண்டார்.

நீரூற்றை முன்பக்கம் மாற்றியாயிற்று. மேடத்துக்கு வருத்தம்தான். ஆனாலும் புதுப் படத்தில் மரத்தடிக்கு 'சேக்ரட் கார்னர்' என்று பேர் போட்டுக் கொண்டுவந்தது.

மார்ச் 17, திங்கள்

ஈச்ச மரங்கள் வந்தன. ஓலையைத் தூக்கிக் கொண்டை போட்டுக் கட்டி, லாரியில் படுக்க வைத்து. ஒவ்வொன்றையும் கிரேன் வைத்து நட்டார்கள். மண்ணுக்கு உரிய மரமாம். எந்த மண்ணுக்கு என்று மேடம் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பேராசிரியர் பின்பக்கம் வந்தார், கையில் பேனாவும் அட்டையும். பலகை எழுத வேண்டுமாம். கருங்கல்லில் பொறித்து வைக்கப்போகிறார்கள்.

"சாமி பேர் என்ன தாயே?"

அவளுக்குப் பேர் கிடையாது. பதினாறாம் நாள் வைக்கலாம் என்று இருந்தோம். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் 'பெண் குழந்தை' என்றுதான் போட்டிருந்தது. ஆனால் ரேவதி என்று ஒரு நர்சம்மா இருந்தார். மூன்று நாளும் வீட்டுக்குப் போகவில்லை. தன் முந்தானையில் சுற்றிச் சூட்டில் வைத்திருந்தார். இரண்டாம் நாள் இவர் என்னிடம், "அந்த நர்சம்மா பேரையே வச்சுருவோமா?" என்றார். "மொதல்ல பொழைக்கட்டும்" என்று நான் அதட்டினேன். அதோடு சரி, அவர் வாயில் அந்தப் பேர் மறுபடி வரவேயில்லை.

"தாயே?"

"ரேவதி" என்றேன்.

"நட்சத்திரம்!" என்று துள்ளினார். "கல்லில் கிரகணம், பேரில் நட்சத்திரம்! வானியல் அறிந்த குடி! இனி எவன் என்னை மறுப்பான்?"

எனக்குத் தெரிந்து யாரும் அவரை மறுக்கவில்லை. ரே-வ-தி என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதி, சரியா என்று என்னிடம் காட்டினார். சரிதான் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

திறப்புக்கு இரண்டு நாள் இருக்கிறது. கொரியப் புல் காய்ந்துவிட்டது. போர் தண்ணீர் உப்பு. மச்சக்காளை பச்சைப் பெயின்டும் ஸ்பிரே மிஷினும் கொண்டுவந்து கொடுத்தார். காலையிலிருந்து புல்லுக்குப் பெயின்ட் அடித்தோம். பஞ்சு ஒரு ஈச்ச மரத்துக்கும் சேர்த்து அடித்துவிட்டாள். அது ஒன்றுதான் இப்போது உயிரோடு இருக்கிற மாதிரி தெரிகிறது.

பின்பக்கம் பெயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

திறப்பு விழா. அமைச்சர் வந்து நீரூற்றின் பொத்தானை அமுக்கினார். அது இரண்டு முறை கனைத்துவிட்டு நின்றுவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். புல்லில் நடந்த பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் வெள்ளை வேட்டிக் கரையில் பச்சை. பேராசிரியர் கிரகணத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நாய் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர் யாரும் வரவில்லை. வந்ததெல்லாம் நம் ஊர்க்காரர்கள்தான், பிள்ளை குட்டியோடு, புளிச்சோறு கட்டிக்கொண்டு.

கார்கள் போனதும் கூட்டம் மொத்தமும் பின்பக்கம் திரண்டது. கல்லைச் சுற்றிப் பித்தளைச் சங்கிலி. பக்கத்தில் கருங்கல் பலகை. 'அருள்மிகு ரேவதி அம்மன். காலம்: கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. தொடாதீர்கள்.'

கல்லின் மேல் மரத்துச் சருகு விழுந்து கிடந்தது. எடுக்கலாம் என்று சங்கிலியைத் தாண்டிக் காலை வைத்தேன். விசில் சத்தம். புதிதாகப் போட்ட செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"ஏ பெரியம்மா! போர்டு போட்டிருக்குல்ல? படிக்கத் தெரியாதா?"

"அஞ்சாவது வரைக்கும் தெரியும்ப்பா."

"பெறகென்ன? போயி வரிசையில வாங்க."

பஞ்சு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போனாள். "யாரப் பாத்துய்யா வரிசைங்கிற..." நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

எனக்கு முன்னால் நாற்பது பேர் இருக்கும். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பிள்ளையைச் சங்கிலிக்கு மேலே நீட்டி, "ரேவதி தாயே, நோய் நொடி இல்லாம பாத்துக்க" என்றாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர், "ரேவதிம்மா, கணக்குல பாஸ் போட்டுரு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். கம்பூன்றிய ஒரு பெரியவர் ஒன்றும் வேண்டாமல், "ரேவதி, ரேவதி" என்று மட்டும் சொல்லிவிட்டு விபூதி தேடினார். இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் கூப்பிடாத பிள்ளையை இன்று ஆளாளுக்குக் கூப்பிடுகிறார்கள். பெற்றவள் இன்னும் கூப்பிடவில்லை.

என் முறை வந்தது.

"ம், பெரியம்மா, வேண்டுறத வேண்டிட்டு நகருங்க. பின்னாடி ஆள் வருது" என்றார் செக்யூரிட்டி.

எனக்கு வேண்ட ஒன்றுமில்லை. பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். பிறகு அடுத்தவருக்கு வழி விட்டேன்.